நிற்கும்போது பிடித்தது, ஓடியதும் நான்காம் இடமா?

நாய்க் கண்காட்சியில் உங்கள் ஆண் லாப்ரடாரை நடுவர் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஓடவிட்டபின் நான்காம் இடத்துக்கு இறக்கியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நடைக்காகத்தான். அவர் பக்கத்து நாயை மட்டும் பார்த்து ஒப்பிடுவதில்லை, இனத்தின் தரவரையறையை, அதாவது அந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையை, மனதில் வைத்துப் பார்க்கிறார். 56–57 செ.மீ. உயரம், பல்வரிசை, அடி தடித்த வால் எல்லாம் நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். தோளும் இடுப்பும் சரியாக அமைந்திருக்கின்றனவா என்பதை ஓட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

'மெதுவாகத்தான் கூட்டிப்போனேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். வேகம் போதாவிட்டால் நல்ல நாய்கூட ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வைத்துப் போகும், உடம்பு பக்கவாட்டில் ஆடும். இதைப் 'பேசிங்' என்பார்கள்.

யாரையாவது பக்கவாட்டில் உட்காரவைத்து, நாயின் உயரத்தில் போனைப் பிடித்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக எழ வேண்டும். எழவில்லையா, சரி, முதல் அடியிலிருந்தே கொஞ்சம் வேகமாக ஓடிப் பாருங்கள்.

வேகம் கூட்டியும் மாறாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் இடுப்பைக் காட்டுங்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி வருவது. வலியோடு அதை ஓடவிடாதீர்கள்.