முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அமெரிக்காவில் இருப்பதுபோலத் தனி உதவி மையம் நமக்கும் தேவையா? உதவித்தொகை போதாதா?

உதவித்தொகை இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாது. அதனால் அது போதாது என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போதாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவன் நான். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அம்மா கொழுந்து பறித்தார், அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, செடியை வெட்டிவிடுவது. 2009இல் ஊட்டியில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன்.

அக்டோபர் கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். எல்லாம் ஆங்கிலம். அதில் என் எண் இருந்தது. மொத்தமே இருபது, இருபத்தைந்து பேர்தான். எதற்கோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, லயத்துப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

மறுநாள் கூடலூர்க்கார சீனியர் அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்களின் பட்டியலாம் அது. குறைந்த வருகையை மன்னிப்பதற்கான 'காண்டொனேஷன்' கட்டணம் கட்டினால்தான் செமஸ்டர் எழுத விடுவார்களாம்.

நான் ஒரு நாள்கூட மட்டம் போட்டவன் இல்லை. கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு என்று மழையிலும் மூடுபனியிலும் பஸ் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் முதல் பீரியடில் பேர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். (அடுத்த மாதமே கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி மலை சரிந்தது, அது தனிக் கதை.) இப்படித் தாமதமாகிறது என்று எழுதிக் கொடுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. ஆபீசில் அப்பாவைக் கூட்டிவா என்றார்கள். அப்பா வந்தால் ஒரு பேர் போய்விடும். ஒரு நாள் கூலியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அந்த அண்ணனுக்கே இரண்டு அரியர் இருந்தது. அதனாலேயே எந்த ஜன்னலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். துறைத்தலைவரிடம் கூடவே வந்தார். கட்டணத்தில் பாதியும் அவர் பணம்தான். சாதி, வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ் எப்போதும் பையில் இருக்கணும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

நீங்கள் கேட்கும் அமெரிக்கத் திட்டத்தின் பெயர் 'ட்ரையோ'. 1964இல் தொடங்கிய வரிசையில் 1968இல் கல்லூரிக்குள்ளேயே உதவுகிற மூன்றாவது திட்டம் சேர்ந்ததால், மூன்றின் கூட்டு என்ற பொருளில் அந்தப் பெயர். பாடம் சொல்லித்தர, எந்தத் தாளை எடுக்கலாம் என்று வழிகாட்ட, உதவித்தொகைப் படிவம் நிரப்ப ஆள் வைத்திருக்கிறார்கள். அதாவது எங்கள் கூடலூர் அண்ணன் செய்ததைத்தான், சம்பளம் கொடுத்து.

அங்கே பெற்றோர் பட்டதாரியாக இல்லாவிட்டால் போதும், பிள்ளை முதல் தலைமுறை. நம் ஊரில் கட்டணச் சலுகைக்குக் கேட்கும் முதல் பட்டதாரி சான்றிதழுக்குக் குடும்பத்திலேயே பட்டதாரி இருக்கக் கூடாது. நான் 2012இல் பட்டம் வாங்கினேன், 2013இல் தங்கை பொறியியல் கவுன்சிலிங் போனாள். நான் பட்டதாரி என்பதால் அவளுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கவில்லை. அந்தச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குத்தான்; நான் படித்தது கலைக் கல்லூரி என்பதால் அதை நானும் வாங்கியிருக்கவில்லை. தங்கை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இப்போது நிலைமை தேவலை. அரசுப் பள்ளியில் படித்து வருகிற பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சியும் உண்டு. ஆனால் நோட்டீஸ் போர்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. பெரிய மையமெல்லாம் வேண்டாம். முதல் இரண்டு மாதம் ஒரு மேசை, ஒரு ஆள், அவரிடம் தமிழில் கேட்டால் திட்டாமல் பதில். கூடவே பஸ் நேரத்தைப் பார்த்து முதல் பீரியட் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

எங்கள் லயத்துப் பிள்ளைகள் இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள். போன வாரம்கூட ஒன்று வந்தது: "அண்ணா, இதுல என் நம்பர் இருக்கு. நல்லதா, கெட்டதா?" பரீட்சைக் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியல். வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடு, ரசீதைப் பத்திரமாக வை என்று பதில் போட்டேன்.