எல்லா முடிவும் முதலாளியிடமே வந்தால்…

கேள்வி: திருப்பூரில் 120 மெஷின் கொண்ட பனியன் ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். உற்பத்தி, மெர்ச்சண்டைசிங் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் பிரிவு), கணக்கு என மூன்று மேலாளர்கள் இருக்கிறார்கள். மூவரும் பத்து வருடத்துக்கு மேல் என்னோடு இருப்பவர்கள், உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஷிப்மென்ட் தேதியைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. சின்ன விஷயம்கூட என்னிடமே வந்து நிற்கிறது. கோவையில் இரண்டு நாள் தலைமைப்பண்புப் பயிற்சிக்கு அனுப்பினேன். ஒரு வாரம் சுறுசுறுப்பாக இருந்தார்கள், பிறகு பழையபடிதான். அடுத்து எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு எந்தப் பயிற்சிக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் மேலாளர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று உங்கள் கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியவில்லை. யோசிப்பதற்கு வேண்டிய கணக்கு அவர்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகம். உற்பத்தி மேலாளரை நீங்கள் கேட்பது இன்று எத்தனை பீஸ் என்று. மெர்ச்சண்டைசரை, சாம்பிள் அப்ரூவல் வந்ததா என்று. கணக்கரை, பணம் வந்ததா என்று. ஒரு ஆர்டர் நமக்கு உண்மையில் என்ன தந்தது என்பதை மூவரிடமும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் காஸ்டிங் ஷீட், அதாவது ஆர்டரின் விலை-செலவுக் கணக்கு, முதலாளியின் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காதவரிடம் தொலைநோக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே முதல் வேலை, காஸ்டிங்கைத் திறப்பது. சம்பளப் பட்டியலைக் காட்டத் தேவையில்லை. ஆர்டர்வாரியாக விலை, செலவு, மிச்சம், தையல் நிமிடம், பணம் வரும் நாள் ஆகிய ஐந்தும் போதும்.

பிறகு மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு கணக்கைக் கொடுங்கள். உதாரணத்துக்கு இப்படி: ஒரு தையல் லைன் காலியாகிறது, இரண்டு ஆர்டர் வந்திருக்கிறது. ஒன்று 20,000 டி-ஷர்ட், செலவெல்லாம் போக பீஸுக்கு 12 ரூபாய் நிற்கும், எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் தைக்கக் கணக்கிட்ட நேரம்) 6 நிமிடம். இன்னொன்று 6,000 ஹூடி, பீஸுக்கு 30 ரூபாய் நிற்கும், எஸ்.ஏ.எம். 25 நிமிடம். எதை எடுக்கலாம்? 30 ரூபாய் என்றதும் கை ஹூடி பக்கம்தான் போகும். இப்போது லைனைக் கணக்கில் கொண்டுவாருங்கள். 30 டெய்லர், 480 நிமிடம், 50 சதவீத எஃபிஷியன்சி என்றால் நாளுக்கு 7,200 தையல் நிமிடம் கிடைக்கும். டி-ஷர்ட்டுக்கு மொத்தம் 1,20,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 17 நாள். அதில் 2,40,000 ரூபாய் நிற்கிறது. ஹூடிக்கு 1,50,000 நிமிடம், ஏறக்குறைய 21 நாள். நிற்பது 1,80,000 ரூபாய்தான். ஒரு நாள் லைன் ஓட்டினால் டி-ஷர்ட் தருவது சுமார் 14,400, ஹூடி தருவது சுமார் 8,600.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முதலாளியின் தலைக்குள் ஓடுகிற கேள்விகள் இதற்குப் பிறகுதான் வரும். டி-ஷர்ட் பையர் 120 நாளில் பணம் தருபவர், ஹூடி பையர் 30 நாளில் தருபவர் என்றால் பதில் மாறுமா? டி-ஷர்ட் பையரிடம் ஏற்கெனவே நம் வேலையில் பாதிக்கு மேல் சிக்கியிருக்கிறது என்றால்? 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்கப் பையர்களை மட்டுமே நம்பியிருந்தவர்களின் நிலை என்ன என்பதை உங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சந்தைக்கு நம்மிடம் என்ன சாம்பிள் இருக்கிறது? இந்தக் கேள்வியை மெர்ச்சண்டைசர் தானாகக் கேட்கும் நாள் வரவேண்டும். மாதம் இரண்டு ஆர்டரை இப்படி மேஜையில் போட்டு அலசினால் வரும்.

இரண்டாவது, அதிகாரத்தைத் தொகையாக எழுதிக் கொடுங்கள். 'நீங்களே பார்த்துக்கங்க' என்பது அதிகாரம் ஆகாது. பிறகு ஏதாவது தப்பானால் திட்டு விழும் என்று அவர்களுக்குத் தெரியும். 'ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை), ரீ-டையிங் (மறு சாயம்), ஓவர்டைம் சம்பந்தமாக ஒரு ஆர்டருக்கு 25,000 ரூபாய் வரை என்னைக் கேட்க வேண்டாம், மறுநாள் சொன்னால் போதும்' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தொகை உங்கள் வசதிப்படி இருக்கட்டும். பையரை விடுவது, மெஷின் வாங்குவது போலத் திரும்பப் பெற முடியாத முடிவுகள் உங்களிடமே இருக்கட்டும். மூன்று மாதம் சரியாக நடந்தால் தொகையை உயர்த்துங்கள்.

கஷ்டமான பகுதி உங்கள் வாயைக் கட்டுவதுதான். போன் வரும்: "அண்ணா, டையிங்ல இருந்து கலர் மாறி வந்திருக்குங்க, என்ன பண்றதுங்க?" உங்களுக்குப் பதில் தெரியும், பத்து நொடியில் சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கும் அதே போன் வரும். "நீங்க என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க? ரெண்டு வழி சொல்லுங்க, எது எவ்வளவு செலவு, எத்தனை நாள்னு சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். முதல் சில வாரம் மறுமுனையில் மௌனம்தான் இருக்கும். பொறுங்கள். இரண்டு வழியோடு வந்து அதில் ஒன்றைச் சொன்னால், உங்கள் விருப்பத்துக்கு அது கொஞ்சம் விலகி இருந்தாலும், பெரிய நஷ்டம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு 40 பக்க நோட்டு. முக்கியமான முடிவு எடுத்த அன்றே ஐந்து வரி எழுத வேண்டும்: தேதி, என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எப்போது திரும்பிப் பார்ப்பேன். அன்றே எழுதுவது முக்கியம். ஆர்டர் முடிந்தபின் எழுதினால், நடந்ததையே முன்னால் எதிர்பார்த்ததாக மனம் மாற்றிக்கொள்ளும். திரும்பிப் பார்க்கும்போது யோசனையைத்தான் எடைபோட வேண்டும். சரியாக யோசித்தும் மழை பெய்து லாரி தாமதமாகலாம். யோசிக்காமல் எடுத்த முடிவு அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கலாம். இரண்டாவது ஆளைப் பாராட்டி முதல் ஆளைத் திட்டினால் நோட்டு அன்றோடு நின்றுவிடும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை 90 நிமிடம் கூடுங்கள். ஷிப்மென்ட் அவசரம் இல்லாத கிழமையாகப் பாருங்கள். இன்றைய தயாரிப்பு பற்றிய பேச்சு அதில் வரவே கூடாது, வந்தால் அதுவே நேரம் முழுவதையும் விழுங்கிவிடும். பாதி நேரம் நோட்டுக்கு. மீதி நேரத்துக்கு, அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் கட்டுரையாக எழுதிய 'பிரீ-மார்ட்டம்' முறை நன்றாக உதவும். புதிய ஆர்டரை எடுக்கும் முன், 'ஆறு மாதம் போய்விட்டது, இந்த ஆர்டர் படுதோல்வி, ஏன்?' என்று கேட்டு, எல்லோரும் பேசாமல் தனித்தனியாக ஐந்து நிமிடம் காரணம் எழுத வேண்டும். பிறகு இளையவரிலிருந்து படிக்க வேண்டும், நீங்கள் கடைசி. நீங்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் தாளை மடித்துக்கொள்வார்கள். 'ஒரே சாயப்பட்டறையை நம்பியிருக்கிறோம்' என்று யாராவது எழுதினால் அதைத் தள்ளிவிடாதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணியை வெளியூர்களுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததை உங்கள் ஊர் பார்த்திருக்கிறது. எழுதிய காரணங்களில் இரண்டை எடுத்து, யார், எந்தத் தேதிக்குள் மாற்று ஏற்பாடு செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மேலாளர் எடுத்த முடிவை, டெய்லர்கள் முன்னாலோ சூப்பர்வைசர் முன்னாலோ முதலாளி மாற்றுவது ஒன்று. மாற்றியே ஆகவேண்டும் என்றால் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லி, அவர் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள். இன்னொன்று முதல் நஷ்டம். அனுமதித்த 25,000-க்குள் 18,000 போனது என்றால் அதற்காகச் சம்பளத்தில் பிடிப்பது, மற்றவர்களிடம் சொல்லிக் காட்டுவது எதுவும் வேண்டாம். அதைப் பயிற்சிச் செலவாக எழுதுங்கள். இரண்டு நாள் வகுப்புக்கு நீங்கள் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெர்ச்சண்டைசரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் கட்டிங்கிலும் லைனிலும் நிறுத்துங்கள். உற்பத்தி மேலாளரைப் பையர் மீட்டிங்கில் உட்கார வையுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொருவர் மேஜையில் என்ன நெருக்கடி என்று தெரியாதவருக்குக் கம்பெனி முழுவதையும் சேர்த்து யோசிக்க வராது.

ஆறு மாதம் கழித்து மூவரின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது அதில் தெரியும். ஒருவருக்குக் கேஷ் ஃப்ளோ புரியவில்லை என்றால் அவரை நிதி வகுப்புக்கு அனுப்புங்கள். இன்னொருவருக்குப் பையரோடு விலை பேசுவதில் தயக்கம் என்றால் அவருக்கு வேறு வகுப்பு. போகும் முன், 'நம்ம கம்பெனியின் எந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவரப் போகிறீர்கள்?' என்று கேட்டு, அதை நோட்டில் எழுதவைத்து அனுப்புங்கள்.