மலைக்கும் அடிவாரத்துக்கும் ஒரே சராசரி

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். வட்டார ஏற்றத்தாழ்வுதான் பொருள். மாவட்டவாரித் தனிநபர் வருமானத்தை எடுத்து, மாவட்டங்களுக்கு இடையிலான இடைவெளி காலப்போக்கில் குறைகிறதா என்று பார்ப்பதாகத் திட்டம். ஆனால் என் ஊர் ஏற்காடு மலையில் இருக்கிறது. சேலம் மாவட்டத்தின் சராசரியைப் பார்க்கும்போது எங்கள் ஊர் அதில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஊர் அளவில் வருமானப் புள்ளிவிவரமே கிடையாது என்கிறார்கள். எப்படிச் செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்தனை ஆய்வுகள் வந்தும் இடைவெளி குறைந்த மாதிரித் தெரியவில்லையே, இவற்றால் யாருக்கு என்ன பயன்?

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆய்வைத் தொடங்காதீர்கள். அதையே ஆய்வின் மையக் கேள்வியாக வையுங்கள். ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்ற விடை, கோட்டை எங்கே கிழித்துச் சராசரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வருகிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். கற்பனையாக ஒரு மலை ஒன்றியம், 1000 பேர். மலைநகரத்தில் 200 பேர், தலைக்கு மாதம் 15,000 ரூபாய். சுற்றியுள்ள குக்கிராமங்களில் 800 பேர், தலைக்கு 5,000. ஒன்றியத்தின் சராசரி 7,000. அடிவாரத்து ஒன்றியத்தின் சராசரியும் 7,000 என்றால், ஒன்றியங்களை ஒப்பிடும் ஆய்வில் இடைவெளி பூஜ்யம். இப்போது மலை ஒன்றியத்தை மட்டும் நகரம், குக்கிராமம் என்று இரண்டாகப் பிரித்து, ஏற்றத்தாழ்வை அளக்கும் தைல் குறியீடு போடுங்கள். ஏற்றத்தாழ்வே இல்லாவிட்டால் அது 0. ஒவ்வொரு பகுதியின் வருமானப் பங்கையும் அதன் மக்கள்தொகைப் பங்கால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, வருமானப் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நகரத்துக்கு 0.3266, குக்கிராமங்களுக்குக் கழித்தல் 0.1923, மொத்தம் 0.134. யாருடைய வருமானமும் ஒரு பைசாகூட மாறவில்லை. இடையில் ஒரு கோடு போட்டதும் மறைந்திருந்த ஏற்றத்தாழ்வு வெளியே வந்துவிட்டது. புவியியலாளர்கள் இதை மாற்றத்தக்க பரப்பலகுச் சிக்கல் என்பார்கள். 1980களில் புவியியலாளர் ஸ்டான் ஓப்பன்ஷா இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஏற்றத்தாழ்வை அளக்க வழக்கமாக எடுக்கும் ஜினி குறியீட்டை விட்டுத் தைலுக்கு வரச் சொல்வதற்கும் இதுதான் காரணம். மொத்த ஏற்றத்தாழ்வில் பகுதிகளுக்கு இடையில் எவ்வளவு, பகுதிகளுக்கு உள்ளே எவ்வளவு என்று தைல் மிச்சமில்லாமல் பிரிந்துவிடும். ஜினி அப்படிப் பிரியாது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் 'உள்ளே' என்ற பங்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரே அட்டவணையில் காட்டினால், அதுவே ஆய்வேட்டின் முதுகெலும்பு ஆகிவிடும்.

அடுத்து, மாவட்ட வருமானம். அதை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து எடுங்கள். உற்பத்தி எந்த இடத்தில் நடந்தது என்பதுதான் அதில் கணக்கு, வருமானம் யார் கைக்குப் போனது என்பதல்ல. மேட்டூர் அனல்மின் நிலையமும் சேலம் உருக்காலையும் சேலத்தின் கணக்கில் ஏறும். அந்த மதிப்பில் உள்ளூர்க் கூலியாகத் தங்குவது ஒரு பகுதிதான். மலையில் காப்பித் தோட்டத்துக்கும் இதே கதை. விளைச்சல் ஏற்காட்டில், உரிமையாளர் வேறு நகரத்தில் இருந்தால் லாபமும் அங்கே. மேலும், பல சேவைத் துறைகளில் மாவட்ட எண் நேராக அளந்து வருவதில்லை. மாநில மொத்தத்தைத் தொழிலாளர் எண்ணிக்கை போன்ற ஒரு குறியீட்டை வைத்து மாவட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். அந்த எண்ணை வைத்து 'இடைவெளி குறைகிறது' என்று சொல்வதில், பங்கிட்ட விதத்தின் நிழலும் கலந்திருக்கும்.

எல்லை மாற்றத்தில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய. சேலத்திலிருந்து 1965-ல் தருமபுரி பிரிந்தது, 1997 தொடக்கத்தில் நாமக்கல் பிரிந்தது. ஆகவே 1991 கணக்கெடுப்பின் சேலமும் 2001-ன் சேலமும் ஒரே நிலப்பரப்பு அல்ல. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், லாரித் தொழில், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எல்லாம் முதல் எண்ணில் உண்டு, இரண்டாவதில் இல்லை. இரண்டில் ஒன்று செய்யுங்கள். பிந்தைய ஆண்டுகளில் சேலத்தையும் நாமக்கல்லையும் சேர்த்துக் கூட்டிப் பழைய எல்லைக்குக் கொண்டுவாருங்கள், அல்லது 1991-ன் வட்டவாரி எண்களை வைத்து இன்றைய சேலத்தைக் கட்டுங்கள். எதைச் செய்தீர்கள் என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

'மாதிரிக் கணக்கெடுப்பில் மாவட்ட எண் இருக்கிறதே, அதில் மலையைப் பிரித்தெடுத்தால் என்ன' என்று நெறியாளர் கேட்கக்கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் நடந்தது. நாடு முழுவதும் 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகள், அதாவது மாவட்டத்துக்குச் சராசரியாக 900. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் சுமார் 3.4 விழுக்காடு. 900-ல் அது ஏறத்தாழ 30 வீடு. ஒரு கொத்துக்கு, அதாவது தேர்ந்தெடுத்த ஓர் ஊர் அல்லது நகரப் பகுதிக்கு, 22 வீடு என்று எடுத்த கணக்கெடுப்பு அது. ஆகவே ஏற்காடு இருக்கும் சேர்வராயன், கல்வராயன், பச்சமலை, அருநூத்துமலை என்று நான்கு மலைகளில் பரந்திருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்காக ஒன்றிரண்டு ஊர்கள்தான் பேசியிருக்கும். 30 வீட்டை வைத்து 40 விழுக்காடு வீடுகளில் கழிப்பறை இல்லை என்று வந்தால், உண்மை நிலை 22-லிருந்து 58 வரை எங்கேயும் இருக்கலாம். ஒரே கொத்தின் வீடுகள் ஒன்றுபோல இருக்கும் என்ற கொத்து விளைவையும் சேர்த்தால் அந்த வரம்பு இன்னும் விரியும். மாவட்டத்துக்குப் பொருந்தும் எண் அது, மலைக்கு அல்ல.

வருமானத்தைப் பார்க்காமல் வீட்டின் பல குறைகளைச் சேர்த்து அளக்கும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டுக்கும் இதே எச்சரிக்கை. நிதி ஆயோக் அதற்கு எடுக்கும் 12 அளவீடுகளில் குடிநீரும் ஒன்று. போய்வர 30 நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டியிருந்தால் அந்த வீடு குறையுள்ள வீடு. ஊற்று வற்றும் ஏப்ரலில் கேட்டால் ஒரு விடை வரும், நவம்பர் மழையில் கேட்டால் வேறு விடை வரும். வங்கிக் கணக்கு இன்னொரு அளவீடு. கணக்கு இருந்தாலே வீடு தேறிவிடும். அந்த வங்கிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறதா என்பது அதில் வராது.

ஊர் அளவில் வருமானம் இல்லை என்பது உண்மை. ஆனால் வசதிகள் எட்டும் தொலைவுக்குத் தரவு உண்டு, உங்கள் ஆய்வுக்கு அது வருமானத்தைவிடக் கூர்மையானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்க் கையேடு, ஒன்றிய அரசின் அந்தியோதயா இயக்கம் எடுக்கும் ஊராட்சிவாரிக் கணக்கெடுப்பு இரண்டையும் எடுங்கள். பெயரை வைத்து இணைக்காதீர்கள். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, குக்கிராமம் வேறு. ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் அடங்கும், எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒன்று. ஊருக்கும் ஊராட்சிக்கும் அரசு தந்திருக்கும் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணை வைத்து இணைத்துவிட்டு, மிஞ்சுவதைக் கையால் சரிபாருங்கள்.

ஊர்க் கையேட்டில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஊரில் இல்லாத வசதிக்கு 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10-க்கு மேல் என்று மூன்றே வகைதான். சமவெளியில் 5 கிலோமீட்டர் என்பது சைக்கிள் மிதிக்கும் தூரம். நாகலூருக்கோ மாரமங்கலத்துக்கோ அப்பால் பள்ளத்தில் இருக்கும் ஒரு குக்கிராமத்துக்கு அதே 5 கிலோமீட்டர் ஏற்றமும் இறக்கமுமாக ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதனால் தொலைவை விட்டு நேரத்தை அளங்கள். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நடை, அங்கே காத்திருப்பு, பஸ் பயணம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைப் பள்ளி, ரேஷன் கடை, காப்பியும் மிளகும் விற்கும் இடம் நான்குக்கும் அளந்தால் போதும். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை.

வருமானத்துக்கு நீங்களே வீடுவீடாகப் போக வேண்டியதுதான். 400 வீடு உங்களால் முடியும் என்று வைத்துக்கொள்வோம். 20 குக்கிராமத்தில் தலா 20 வீடு எடுக்காதீர்கள், 40 குக்கிராமத்தில் தலா 10 எடுங்கள். ஒரே ஊர் வீடுகள் ஒன்றுபோல இருக்கும். அந்த ஒப்புமை, முழுக்க ஒன்றுபோல இருந்தால் 1 என்ற அளவில், 0.1 என்றால் முதல் முறையில் 400 வீடு 138 வீட்டுக்குத்தான் சமம், இரண்டாவதில் 210. அலைச்சல் கூடும், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குக்கிராமங்களைப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும் நேரத்தை வைத்து மூன்று அடுக்காகப் பிரித்துத் தேர்ந்தெடுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் எஸ்டேட் லைன் வீடுகளைத் தனி அடுக்காக வையுங்கள். வீட்டுப் பட்டியலுக்கு வீட்டுவரிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் பட்டா இல்லாத வீடுகள் விடுபடும். அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

'மாத வருமானம் எவ்வளவு' என்று கேட்டால் கிடைக்கும் எண் பயன்படாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு, அதை ஒட்டி மிளகு. கிலோ கணக்கில் கூலி வரும் மாதங்கள் இவை. ஜூலையில் கேட்டால் அதே வீடு பரம ஏழை, ஜனவரியில் கேட்டால் வசதியான வீடு. பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் யார், எங்கே, எத்தனை நாள், என்ன கூலி என்று நிரப்புங்கள். கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்கு, திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனவர்களை 'இப்போது வீட்டில் இல்லை' என்று விட்டுவிட்டால் வீட்டின் வருமானத்தில் பாதியே காணாமல் போகும்.

பின்தங்கிய பகுதி வேகமாக வளர்ந்து இடைவெளி சுருங்குகிறதா என்று பார்க்கும், பொருளியலாளர்கள் பரோ, சலா-இ-மார்ட்டின் வகைச் சமன்பாட்டை ஒரு இயலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டம் என்பது சிறிய எண்ணிக்கை. பின்தங்கியது வேகமாக வளர்வதாகத் தெரிந்தாலும் மாவட்ட வருமானங்களின் பரவல் குறைந்தது என்று ஆகாது, இரண்டையும் காட்ட வேண்டும். வருமானத்துக்குப் பதிலாக இரவு வெளிச்சச் செயற்கைக்கோள் படத்தை எடுப்பது இப்போது நாகரிகம். ஏற்காட்டில் அது விடுதிகளின் விளக்கைத்தான் அளக்கும்.

இனி, யாருக்குப் பயன் என்ற கேள்வி. எந்த எல்லையில் அளக்கிறோமோ அந்த எல்லையில்தான் பணமும் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம் 1974-75-ல் தொடங்கியது, நீலகிரிக்குத் தனி மலைப்பகுதித் திட்டமும் வந்தது. சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலை, அந்த வரைபடங்களுக்கு வெளியே நின்றது. பழங்குடி ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம்தான் இங்கே வந்தது. 2006-07-ன் பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி மாவட்டத்தை அலகாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 6 மாவட்டங்கள், சேலம் இல்லை. ஒன்றிய அரசின் 2018-ன் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் மட்டும். ஓமலூரும் ஆத்தூரும் சேர்ந்து தூக்கிப் பிடிக்கும் சராசரியால் மலை அந்தப் பட்டியல்களில் ஏறவே முடியாது. 2023-ல் ஒன்றிய அரசே 500 வட்டாரங்கள், அதாவது ஊராட்சி ஒன்றியங்கள், என்று ஒரு படி கீழே இறங்கியது. மாவட்டச் சராசரி போதவில்லை என்ற ஆய்வாளர்களின் பழைய வாதத்தோடு இது ஒத்துப்போகிறது, ஆகவே பயனில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது, அதற்கான ஆதாரம் உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

சாலை போட்டால் எல்லாம் சரியாகும் என்ற முடிவோடு மட்டும் ஆய்வை முடித்துவிடாதீர்கள். வளரும் மையம் சுற்றுப்புறத்தின் ஆளையும் மூலதனத்தையும் உறிஞ்சும் என்று பொருளியலாளர் குன்னர் மிர்தால் 1957-லேயே எழுதினார். சாலை வந்த குக்கிராமத்தில் விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்ததா, நிலம் கைமாறியதா என்று இரண்டையும் கேள்வித்தாளில் சேருங்கள். இரண்டும் ஒரே ஊரில் நடந்திருக்கலாம்.

ஆய்வேடு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வேலை அக்டோபர் 2 கிராமசபையை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பே ஊராட்சிக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். குக்கிராமங்களின் பெயர் இடப்பக்கம், நான்கு வசதிகளுக்கும் மழைக்காலத்தில் ஆகும் நிமிடங்கள் வலப்பக்கம், அதிக நேரம் ஆகும் ஊர் மேலே. வீட்டு விவரம் எதுவும் அதில் வேண்டாம். சபையில் அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நிமிடம் தவறாக இருந்தால் அந்த ஊர்க்காரர்களே எழுந்து திருத்துவார்கள், அந்தத் திருத்தத்தையும் உங்கள் தரவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.