நன்கொடை கொடுத்தால் சிவப்பு அரோவானாவுக்கு பெர்மிட் கிடைக்குமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "டொரண்டோவில் இருக்கும் என் அத்தான் சிவப்பு அரோவானா வளர்க்கிறார். சிப், சான்றிதழ் எல்லாம் முறையாக இருக்கிறது. எனக்கும் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அமெரிக்காவில் இந்த மீனுக்குத் தடை என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஒரு ஏஜென்ட், இந்தோனேசியாவில் மீன் பாதுகாப்புக்கு 2,000 டாலர் நன்கொடை கொடுத்தால் பெர்மிட் வாங்கலாம், சட்டத்திலேயே அந்த வழி இருக்கிறது என்கிறார். 500 டாலர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?"

முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

இந்த மீனின் கழுத்தில் இரண்டு சட்டங்கள் தொங்குகின்றன. ஏஜென்ட்கள் பிழைப்பதே அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான். முதலாவது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம். சிவப்பு அரோவானா, ஆசிய அரோவானாவின் ஒரு வகை. ஆசிய அரோவானா அதன் முதலாம் பட்டியலில், அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது. ஆற்றில் பிடித்த மீனை வியாபாரம் செய்ய முடியாது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியாவில் சைட்டீஸில் பதிவுபெற்ற பண்ணைகள் இருக்கின்றன. பண்ணையிலேயே பிறந்த மீன்களுக்குப் பிறந்த குஞ்சுகளை அவை விற்கலாம். ஒவ்வொரு மீனின் முதுகுச் சதையிலும் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கும். அதன் எண் சான்றிதழில் அச்சிடப்பட்டிருக்கும். கனடாவுக்கு இது போதும். உங்கள் அத்தான் தவறு எதுவும் செய்யவில்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம். 1976-ல் இந்த மீனை அதில் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பண்ணை மீன், ஆற்று மீன் என்ற வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒன்றுதான். சிப் இருந்தாலும், சிங்கப்பூர் அரசே முத்திரை குத்திக் கொடுத்திருந்தாலும், பெர்மிட் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கனடாவில் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, காரின் டிக்கியில் போட்டு பஃபலோ பாலத்தைத் தாண்டினாலும் அது இறக்குமதிதான். "சான்றிதழைக் காட்டினால் விட்டுவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தச் சான்றிதழ் சைட்டீஸுக்கானது. எல்லையில் நிற்கும் அதிகாரி கேட்பது வேறு காகிதம்.

அந்த வேறு காகிதம்தான் உங்கள் ஏஜென்ட் சொல்லும் பெர்மிட். சட்டத்தின் 10-வது பிரிவில் அது இருக்கிறது என்பது உண்மைதான். அறிவியல் ஆய்வுக்காகவோ, அந்த இனம் பெருகவும் பிழைக்கவும் துணையாகவோ இறக்குமதி செய்வதாக இருந்தால் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை அனுமதி தரலாம். வீட்டுத் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பது இந்த இரண்டிலும் அடங்காது. அதனால்தான் "பாதுகாப்புக்கு உதவி" என்ற வாசலைத் தேடுகிறார்கள். தேடுவதில் தவறே இல்லை. தென்னாப்பிரிக்காவின் பாண்டிபோக் மான் இதே சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் வேட்டைக்காரர்கள் அதன் தலையைப் பாடம் செய்து கொண்டுவர அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அங்கே அந்த மானைப் பராமரிக்க நாடளாவிய ஏற்பாடு ஒன்று நடக்கிறது, அதற்கு இந்தப் பணம் போகிறது என்று காட்ட முடிந்தது. அதுதான் காரணம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான். தனி மனிதர் ஒருவர் ஒரு ரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் துறை கேட்கும் முதல் கேள்வி, "இந்த மீன் இங்கே வருவதால் அங்கே ஆற்றில் இருக்கும் மீனுக்கு என்ன லாபம்?" என்பதுதான். நன்கொடையை மீன் வாங்காமலேயே கொடுத்திருக்கலாமே? இதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் தேறாது. போதாக்குறைக்கு, "காசு கொடுத்தால் அனுமதி" என்ற நடைமுறையையே எதிர்த்து விலங்கு நல அமைப்புகள் பல வருடங்களாகக் குரல் கொடுத்துவருகின்றன. வழக்கும் போட்டிருக்கின்றன. விண்ணப்பம் வந்தால் அதை அரசிதழில் வெளியிட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் 2,000 டாலர் ரசீதை அந்த அமைப்புகளின் வழக்கறிஞர்களும் படிப்பார்கள்.

நிற்கக்கூடிய விண்ணப்பம் எப்படி இருக்கும்? சிவப்பு அரோவானாவின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மேற்கு காலிமந்தானில் காப்புவாஸ் ஆற்றின் மேல்பகுதி, டனாவ் சென்தாரம் ஏரிகள் இருக்கும் பக்கம். இப்போது அது தேசியப் பூங்கா. இந்த மீனில் ஆண் மீன்தான் முட்டைகளை வாயில் வைத்துப் பொரித்து, குஞ்சுகளை ஏறக்குறைய இரண்டு மாதம் வாய்க்குள்ளேயே காக்கும். ஒரு தடவைக்குச் சில டஜன் குஞ்சுகள்தான் தேறும். விலை ஏறியதும் ஆண் மீனைப் பிடித்து, வாயைத் திறந்து குஞ்சுகளை எடுத்து விற்றார்கள். அப்படித்தான் ஆறு காலியானது. ஆகவே விண்ணப்பத்தில் தெரிய வேண்டியது, அந்த ஏரியில் அந்தப் பிடிப்பைத் தடுக்க யார், எந்த ஊரில், என்ன வேலை செய்கிறார்கள் என்பது. பண்ணை விற்கும் ஒவ்வொரு மீனுக்கும் எவ்வளவு பணம் அங்கே போகிறது, வருடா வருடம் யார் கணக்குக் காட்டுவார்கள், அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாமும் வேண்டும். இதை ஒரு சங்கமோ, ஒரு பொது மீன்காட்சியகமோ, பதிவுபெற்ற பண்ணையோடு சேர்ந்து செய்தால் பேச்சுக்கு இடம் உண்டு. தனி ஆளாக ஒரே ஒரு மீனுக்காகச் செய்ய முடியும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பெர்மிட்டுக்கான படிவம் 3-200-37. யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்து நிரப்பலாம், கட்டணமும் நூறு டாலர் அளவுதான். "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவரிடம் உள்ளே ஆள் இல்லை. நன்கொடை போகும் அமைப்பின் பெயரைக் கேளுங்கள். அந்த அமைப்போடு நீங்களே நேரடியாகப் பேசுங்கள். பணம் ஏஜென்டின் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அப்புறம் சான்றிதழ்: செத்துப்போன மீனின் சான்றிதழை வைத்துக்கொண்டு வேறு மீனை விற்பவர்கள் இருக்கிறார்கள். சிப்பைப் படிக்கும் ரீடரை மீனின் முதுகுப் பக்கம் காட்டி, திரையில் வரும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்க்காமல் எந்த நாட்டிலும் இந்த மீனை வாங்காதீர்கள். "பாட்டிக் அரோவானா" என்று மியான்மர் மீனைக் காட்டி, இது வேறு இனம், பட்டியலில் இல்லை என்பார்கள். சைட்டீஸ் அதையும் முதலாம் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் விட மோசமான வலை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். அடுத்து உங்களிடம் வரப்போவது அதுதான். "இறக்குமதியே வேண்டாம், இந்த மீன் இங்கேயே நியூ ஜெர்சியில் பிறந்தது. மாநிலத்துக்குள் விற்றால் சட்டம் தடுக்காது" என்பார்கள். இதில் பாதி உண்மை. அந்தச் சட்டம் தடுப்பது இறக்குமதியையும், மாநிலம் விட்டு மாநிலம் விற்பதையும். ஒரே மாநிலத்துக்குள், சட்டப்படி வந்த மீனைக் கைமாற்றுவதை அது நேரடியாகத் தடுப்பதில்லை. ஆனால் அந்தக் குஞ்சின் தாய் தகப்பன் எப்படி வந்தன? 1976-க்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் வந்திருந்தால் அவை கடத்தல் சரக்கு. சைட்டீஸுக்கு விரோதமாக வந்த மீனை வைத்திருப்பதே குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. சட்டவிரோதமாக வந்த வனவிலங்கை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்கிறது லேசி சட்டம் என்ற இன்னொரு அமெரிக்கச் சட்டம். எனக்கு விலக்கு உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதனால் விற்பவரிடம் தாய் மீன் உள்ளே வந்த பெர்மிட்டின் நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் பழைய கதை சார்" என்று பதில் வரும். அந்தக் காகிதம் இல்லையென்றால் அந்த மீன் உங்கள் தொட்டிக்கு வரவே கூடாது. அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின்படி அபராதம் 50,000 டாலர் வரை, சிறை ஒரு வருடம் வரை. லேசி சட்டம் சேர்ந்தால் ஐந்து வருடம் வரை போகலாம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு ஒரு குற்ற வழக்கு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு என் ஆத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்து பல நாடுகளுக்கு விற்கும் மீன் இது. மொலுக்கன் காக்கட்டூ கிளியை 2011-ல் பட்டியலில் சேர்த்தபோது, அதை ஒருபடி கீழே "ஆபத்துக்குள்ளாகும்" வகையில் வைத்தார்கள். கூண்டில் பிறந்த பறவைகளுக்கென்று தனி விதியும் எழுதினார்கள். இந்த மீனையும் அதே வகைக்கு மாற்றினால், சிப்பும் பண்ணைச் சான்றும் உள்ள மீன் வரலாம், ஒவ்வொரு மீனுக்கும் இவ்வளவு பணம் காலிமந்தானுக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி எழுத முடியும். அதைச் செய்யாமல் 1976-ல் போட்ட பட்டியலிலேயே கிடத்திவைத்திருப்பதால் அமெரிக்க ரசிகரின் பணம் கடத்தல்காரனுக்குப் போகிறது, ஏரிக்கரை மீனவருக்கு ஒரு சல்லிக்காசு போவதில்லை. நேர்மையாக வரி கட்டி, படிவம் நிரப்பி, ஒரு மீனை வளர்க்க விரும்புபவருக்கு அரசு ஒரு வாசல்கூட வைக்காதது அநியாயம். ஆனால் விதி மாறும்வரை அதுதான் விதி.

அரோவானாதான் வேண்டும் என்றால் தென் அமெரிக்க வெள்ளி அரோவானா, ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் இருக்கும் ஜார்தினி இரண்டும் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் பட்டியலில் இல்லை. மாநில விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி அரோவானா மூன்றடி வரை வளரும், துள்ளிக் குதிக்கும். ஆகவே முதலில் பெரிய தொட்டியும் கனமான மூடியும், அப்புறம் மீன்.