லேப் டெக்னீஷியன் படிப்பு: தயங்கும் அம்மாவுக்கு

மகள் டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமா) சேர ஆசைப்படுகிறாள், 'போயும் போயும் மலம் டெஸ்ட் பண்ணவா படிக்க வைப்பது' என்று உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன் அம்மா, மல மாதிரிகளும் வரத்தான் செய்யும். கையுறை உண்டு, முறை உண்டு, வாடையும் போகப் போகப் பழகிவிடும். ஆனால் அந்த வேலை முழுக்க முழுக்கக் கண்ணுக்கும் பொறுமைக்கும் உரியது.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஒரு கண்ணாடி ஸ்லைடில் இந்தப் பக்கம் ஒரு சொட்டு சலைன் (உப்புக் கரைசல்), அந்தப் பக்கம் ஒரு சொட்டு அயோடின். இரண்டிலும் குச்சி நுனியளவு மலத்தைக் கலக்க வேண்டும். அடியில் அச்சிட்ட காகிதத்தை வைத்தால் எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லிசாக. சலைனில் உயிருள்ள அமீபா ஊர்வது தெரியும். அயோடினில் அசைவு இருக்காது, சிஸ்டுக்குள் (அமீபா ஓடு கட்டிக்கொண்டு உறங்கும் நிலை) இருக்கும் உட்கருக்கள் தெளியும். முதிர்ந்த சிஸ்டில் 4 கரு இருந்தால் சீதபேதி அமீபாவாக இருக்கலாம். 8 இருந்தால் தீங்கில்லாத வகை. எண்ணுவதில் தவறினால், தேவையில்லாத மாத்திரையை ஒரு நோயாளி விழுங்குவார். 4 கரு கொண்ட தீங்கில்லாத வகையும் உண்டு; அதைப் பிரித்தறிய ஆன்டிஜென் சோதனையோ (கிருமியின் புரதத்தைத் தேடுவது) பி.சி.ஆரோ (அதன் மரபணுவைத் தேடுவது) வேண்டும். பேதியாகப் போன மாதிரியை அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரும் அமீபா செத்துவிடும்.

புழு முட்டைகளுக்குக் கேட்டோ-கேட்ஸ் என்றொரு முறை. 41.7 மில்லிகிராம் மலத்தில் உள்ள முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால், ஒரு கிராமில் எத்தனை என்று தெரியும். கொக்கிப்புழு முட்டை சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால் ஸ்லைடை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். முட்டை குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பலாம். அப்போது ஃபார்மால்-ஈதர் என்ற ரசாயனங்களைச் சேர்த்துச் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் கருவியில் சுற்றி அடியில் தங்குவதைப் பார்ப்பார்கள். வேலூர் சி.எம்.சி. ஜவ்வாது மலையில் நடத்திய குடற்புழு ஆய்வு போன்றவற்றுக்கும் இந்தத் திறமை உள்ளவர்கள் தேவை.

டி.எம்.எல்.டி. 2 வருடம். வசதி இருந்தால் அதே துறைப் பட்டப்படிப்பான பி.எஸ்சி. எம்.எல்.டி.யே என் பரிந்துரை. மேற்படிப்புக்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனை வேலைக்கு எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, ஒரு மைக்ராஸ்கோப்பை எத்தனை பேர் பகிர்கிறார்கள், மாணவர்கள் நோயாளிகளின் புது மாதிரிகளைப் பார்க்கிறார்களா, பழைய ஸ்லைடுகள் மட்டும்தானா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் ஃபீஸ் கட்டுங்கள்.