புயல் சேதமும் நட்டஈடும்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்கள்

வரணியிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் கேள்விகள் வந்திருக்கின்றன. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலைப் பற்றித்தான் அதிகம், ஆனால் 2020 டிசம்பர் புரெவியில் போன கூரைக்கு இன்னும் முடிவு தெரியாமல் இருப்பவர்களும் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாண நீதிமன்றங்களில் வழக்குப் பேசுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒவ்வொருவரின் காணியும் கடதாசியும் வேறு என்பதால், வழக்கு என்று இறங்க முதல் ஆவணங்களோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.

கேள்வி (வரணி, ஒரு அக்கா): விதானையார் (கிராம அலுவலர்) வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. கந்தோரில் கேட்டால் "உங்களுக்குக் கிடையாது" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். இனி என்ன செய்வது?

அக்கா, வாயால் சொன்னதை முடிவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். எழுத்தில் வராத மறுப்பை வைத்துக்கொண்டு மேலே எங்கும் போக முடியாது, அதனால்தான் எழுத்தில் தரப் பலர் தயங்குகிறார்கள். பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, சேதம் நடந்த திகதி, என்ன சேதம், யார் எப்போது வந்து பார்த்தார், என்ன கேட்கிறீர்கள். பிரதி ஒன்றைக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் கைப்பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள், தர மாட்டோம் என்றால் பேசாமல் வந்து பதிவுத் தபாலில் போடுங்கள். தபால் கந்தோர் தருகிற அந்தச் சின்னத் துண்டை எறிந்துவிடாதீர்கள்.

அதே நாளில் இன்னொரு தாளில் தகவல் அறியும் உரிமை விண்ணப்பமும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. மூன்று விடயம் கேட்டால் காணும்: என் வீட்டுக்கான சேத மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, என் விண்ணப்பம் பற்றி எடுத்த முடிவும் காரணமும், அந்த முடிவுக்குப் பின்பற்றிய சுற்றறிக்கையின் பிரதி. "ஏன் தரவில்லை" என்று கேட்டால் அது வாதம், "பிரதி தாருங்கள்" என்று கேட்டால் அது தகவல், இரண்டாவதைத்தான் மறுக்கக் கஷ்டம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எழுதத் தெரியாத அம்மா அப்பா என்றால் வாயால் சொல்லலாம், அதை எழுதிப் பதிய வேண்டியது அந்த அலுவலரின் கடமை.

நான் பார்த்த வரையில் பாதிப் பிரச்சினை இந்தக் கட்டத்திலேயே தீர்கிறது. கோப்பைத் திறந்து பிரதி எடுக்கும்போதுதான், "பகுதிச் சேதம்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டது அவர்கள் கண்ணிலேயே படும்.

தீராவிட்டால் நாட்கணக்கு முக்கியம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, அதே சேதம் உள்ள உங்களுக்கு மறுத்தால் அது சமத்துவ உரிமைப் பிரச்சினை, அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், மிகக் குறுகிய காலம். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்கி வையுங்கள், முறைப்பாட்டு இலக்கம் மட்டும் காணாது.

புரெவிக்காரருக்கும் இதே பதில்தான், ஒரு வித்தியாசத்தோடு. உங்களுக்கு அந்த ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் தகவல் விண்ணப்பம் கொடுக்கலாம். முடிவே எடுக்காமல் கோப்பு கிடக்கிறது என்று எழுத்தில் வந்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றத்திடம் எழுத்தாணை கேட்கிற வழியைப் பற்றி யோசிக்கலாம், அதற்கும் தாமதத்துக்கு நியாயம் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி (சண்டிலிப்பாய்): எங்கள் ஒழுங்கையில் மட்டும் மினி சூறாவளி அடித்துச் சில வீட்டுக் கூரை போனது. நாடு முழுக்க அனர்த்தம் என்று அறிவிக்கவில்லையே, எங்களுக்கு நிவாரணம் உண்டா?

உண்டு, கேட்கலாம். கடுங்காற்றால் வந்த சேதத்தையும் அனர்த்த நிவாரணத்துக்குள்தான் பார்க்கிறார்கள், நாடு தழுவிய அறிவிப்பு வரும் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பெரிய புயலுக்கு எல்லோரும் சாட்சி, இதற்கு நீங்கள் மட்டும்தான் சாட்சி. ஆகவே அன்றைக்கே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், விதானையாருக்கு அறிவியுங்கள், கூரையைத் திருத்த முதல் படம் எடுங்கள். படத்தில் வீட்டின் முகப்பும் உடைந்த இடமும் சேர்ந்து தெரிய வேண்டும், வெறும் உடைந்த ஓட்டை மட்டும் எடுத்தால் அது யார் வீட்டு ஓடு என்று யாருக்குத் தெரியும்? மழைக்குத் தறப்பாள் போடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம், போடுங்கள், வாங்கிய பற்றுச்சீட்டை வையுங்கள். தேவைப்பட்டால் அன்றைய காற்று, மழை பற்றிய அறிக்கையை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கலாம்.

கேள்வி (புன்னாலைக்கட்டுவன்): குத்தகைக் காணியில் சின்ன வெங்காயம் செய்தேன், எல்லாம் அழுகிவிட்டது. குத்தகை வாய்ப்பேச்சு. எனக்கு ஏதும் கிடைக்குமா?

தம்பி, மனவருத்தமான விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் இலவசப் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் என்ற ஆறு பயிருக்காக வந்தது. நம்முடைய செம்மண்ணில் விளைகிற சின்ன வெங்காயம் அந்த ஆறில் இல்லை. வலிகாமத்துக் கமக்காரர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டிய விடயம் இது, தனி ஆளாகக் கேட்டு நடக்காது.

அதற்காக ஒதுங்கி நிற்காதீர்கள். புயலுக்குப் பிறகு அரசாங்கம் தனியாக ஏதும் பயிர் நிவாரணம் அறிவித்தால், யாருக்குப் போகும் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்த சேத விபரத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். பதியாதவனுக்கு எதுவும் இல்லை. அழுகிய வெங்காயத்தை உழுது மறைக்க முதல் நிலையத்து உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், விதைவெங்காயம், உரம், மருந்து வாங்கிய சிட்டைகளைச் சேருங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைக்குக் காணிக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: இந்தப் போகம் இந்தப் பரப்பில் பயிர் செய்தது இவர்தான், நட்டஈடு வந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர் தயங்கினால், காணி உரிமை இதனால் போகாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அநேகமாக அந்தப் பயத்தில்தான் கையெழுத்து வைக்க மாட்டார்கள்.

கேள்வி (அல்வாய்): அண்ணை கனடாவில். வீடு அவர் பெயரில், பல வருடமாக நாங்கள்தான் இருக்கிறோம். கூரை முழுக்கப் போய்விட்டது. யார் விண்ணப்பிப்பது?

இதை இரண்டாகப் பிரியுங்கள். உலர் உணவு, துப்புரவு, வீட்டுச் சாமான் போன்ற உதவி அங்கே குடியிருக்கிறவருக்கு. வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், விதானையாரின் வதிவிடச் சான்று இருந்தால் அதை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். வீடு கட்ட, திருத்தத் தருகிற பெரிய தொகைக்குப் பொதுவாக உரிமையாளர் யார் என்று பார்ப்பார்கள். அதற்கு அண்ணை உங்களுக்கு அற்றோனித் தத்துவம் (அவர் சார்பில் செயற்பட உங்களுக்கு அதிகாரம் தருகிற பத்திரம்) எழுதித் தருவதுதான் ஒழுங்கான வழி. அங்குள்ள இலங்கைத் தூதரகம் ஊடாக உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள், இங்கே வந்ததும் பதிவு செய்ய வேண்டும். எதற்கு அதிகாரம் என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்: நிவாரணம், காப்புறுதி, திருத்த வேலை. விற்கிற அதிகாரமும் சேர்ந்த முழு அற்றோனி இதற்குத் தேவையே இல்லை, அதை எழுதிவிட்டுச் சகோதரர்கள் நீதிமன்றத்தில் நிற்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

கேள்வி (கோயில் காணியில் இருக்கும் ஒருவர், தென்மராட்சி): காணி உறுதியே இல்லை, தலைமுறையாக இருக்கிறோம்.

குடியிருப்புக்கான உதவி மேலே சொன்னது போலத்தான், உறுதி இல்லை என்பதற்காக உங்களை அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக் கொடுப்பனவுக்குக் கோயில் தர்மகர்த்தாவிடம், இந்தக் காணியில் வீட்டைத் திருத்தவோ கட்டவோ ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்கப் பாருங்கள். கோயிலோடு பகை இருந்தால் பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் போங்கள். "பத்து வருடம் இருந்தால் காணி எங்களுக்கு" என்று யாரோ சொன்னதை நம்பி இந்த நேரத்தில் கோயிலோடு வழக்குக்குப் போகாதீர்கள். ஆட்சியுரிமைக்குப் பத்து வருடம் இருந்தது மட்டும் போதாது, உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதி இல்லாமல் இருந்ததாகவும் காட்ட வேண்டும். வருடா வருடம் கோயிலுக்குக் குத்தகை கட்டியவருக்கு அது சரிவராது.

கேள்வி (காரைநகர்): வீடு என்னுடைய சீதனம். விண்ணப்பத்தில் மனிசனின் பெயரை எழுதிவிட்டார்கள். அவர் குடிக்கிறவர், காசு வந்தால் வீடு எழும்பாது.

தங்கச்சி, உடனே திருத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உறுதியின் பிரதியை இணையுங்கள், உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு இலக்கமும் கொடுங்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. அசையாச் சொத்தை விற்க, ஈடுவைக்கத்தான் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், நட்டஈட்டுக் காசு வாங்குவது விற்பனை அல்ல. "குடும்பத் தலைவர் பெயர்தான் எழுதுவோம்" என்று சொன்னால், எந்தச் சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது என்று பிரதி கேளுங்கள்.

கேள்வி: உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வெள்ளத்தில் நனைந்துவிட்டன.

நனைந்ததை வெயிலில் போடாதீர்கள். நிழலில், ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைத்து மெதுவாகக் காயவிடுங்கள், ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். முத்திரையும் இலக்கமும் வாசிக்க முடிந்தால் இப்போதே படம் எடுத்துவிடுங்கள். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குப் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவு. அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு விதானையாரிடம் போங்கள்.

கேள்வி (கொடிகாமம்): பக்கத்து வளவு மாமரம் எங்கள் சமையலறை மேல் விழுந்தது. அவர்கள் "காற்றுக்கு நாங்கள் என்ன செய்வது" என்கிறார்கள்.

நல்ல மரம் புயலில் விழுந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரம் உக்கிப்போய், நீங்கள் முன்னமே சொல்லியும் தறிக்காமல் விட்டிருந்தால் அது கவனயீனம், நட்டம் கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அங்கே செலவு இல்லை, பக்கத்து வீட்டோடு வாழ்நாள் முழுக்க முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு அதுதான் நல்லது. இன்னும் நிற்கிற ஆபத்தான மரம் என்றால் இன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள், பிரதேச சபைக்கும் ஒரு பிரதி. அடுத்த மாரியில் அந்தக் கடிதம்தான் உங்கள் சாட்சி.

கேள்வி (மருதங்கேணி): பைபர் போட் உடைந்தது, வலைகள் போய்விட்டன.

போட்டுக்குப் பதிவு இருந்தால் பதிவிலக்கம் தெரியப் படம் எடுங்கள், என்ஜினில் அடித்திருக்கிற தொடரிலக்கத்தையும் தனியாக எடுங்கள். வலைக்குப் பதிவு இல்லை என்பதால்தான் எல்லோரும் அதில் தோற்கிறீர்கள். வாங்கிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதமும், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியும் சேர்த்துக் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி (சாவகச்சேரியில் கடை): காப்புறுதிக்காரர் "வெள்ளம் சேரவில்லை, புயல் மட்டும்தான்" என்கிறார்கள்.

ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள், முகவர் சொன்னதை அல்ல. முதலில் காற்று கூரையைப் பிய்த்து, அதனூடாக மழை இறங்கிச் சாமான் நனைந்ததா, அல்லது நிலத்தால் தண்ணீர் வந்ததா என்பதில்தான் உங்கள் விடயம் நிற்கிறது. கூரைப் படமும், மேல்தட்டில் நனைந்த சாமானின் படமும் இருந்தால் பேசலாம். குறைந்த தொகை தந்து "முழுத் தீர்வு" என்று கையெழுத்துக் கேட்டால் வைக்காதீர்கள், ஆட்சேபனையோடு பெறுகிறேன் என்று எழுத விடுகிறார்களா பாருங்கள். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

கேள்வி: சிங்களத்தில் கடிதம் வந்திருக்கிறது. இன்னொருவர் "கையில் ஏதும் வைத்தால் பெயர் ஏறும்" என்கிறார்.

வடக்கில் தமிழ் நிருவாக மொழி, தமிழில் தாருங்கள் என்று எழுதிக் கேளுங்கள், அது சலுகை அல்ல. காசு கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுப்பதும் குற்றம். 1954க்கு அழைத்தால் இலஞ்ச ஆணைக்குழு.

கேள்வி: சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் இருக்கிறது, குறைந்த வருமானம் என்று காட்டினால் வழக்கையும் எடுப்பார்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல் முத்திரை குத்திய பிரதிகள், தபால் துண்டு, படங்கள் எல்லாவற்றையும் திகதிப்படி ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போங்கள். இன்னும் கடிதமே எழுதாதவர்கள் வரணி அக்காவுக்குச் சொன்னதிலிருந்து தொடங்குங்கள்.