குடியிருப்பின் நுழைவு வளைவை லாரி இடித்துவிட்டது, மாநகராட்சி கைவிரிக்கிறது. யார் பொறுப்பு?

உங்கள் கேள்வியைப் படித்தவுடன், நீங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வெறுமனே அங்கே குடியிருப்பவராக இருந்தால், ‘ஆர்ச் போனால் போகட்டும்’ என்று விட்டிருப்பீர்கள். தூண் சரிந்து கிடக்கிறது, மாநகராட்சி ‘எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்கிறது, சங்கக் கணக்கில் பணமில்லை, உறுப்பினர்கள் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். இதே நிலைமையில் 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை நான் இருந்தேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். என் ஊர் திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு சிறு நகரம் என்பதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அந்த அலுவலகத்தில் இருப்பவர்களை வீட்டு வரி கட்டப் போகும்போது நாளைக்கும் நான் பார்த்தாக வேண்டும். என் பதில் இதுதான்: இடித்தவர் யார் என்று தேடி அலைவதற்கு முன்னால், இடிபட்டது யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது தெரியாமல் நாங்கள் ஐந்து மாதத்தை வீணாக்கினோம்.

எங்கள் வளைவை 1996-இல் கட்டியவர் என் தகப்பனார். அப்போது அவர் சங்கச் செயலாளர். 43 வீடுகளில் ரசீதுப் புத்தகத்தோடு ஏறி இறங்கி 62,000 ரூபாய் சேர்த்தார்; ரசீதின் அடிக்கட்டைகள் இன்றும் என் பீரோவில் இருக்கின்றன. கொத்தனார் பதினான்கடி உயரம் போதும் என்றார். அப்பா, மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய், அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வீதி வரும் சப்பரத்தை உச்சிக் கலசத்தோடு அளந்து வந்து, பதினாறடிக்குக் குறையக் கூடாது என்று நின்றுவிட்டார். திறப்பு விழாவுக்கு அன்றைய உள்ளாட்சி மன்றத் தலைவர் வந்தார், மன்ற உறுப்பினர்கள் வந்தார்கள். அவர்கள் பெயர்களும் நன்கொடையாளர் பெயர்களும் பொறித்த கல்வெட்டு இடது தூணில் பதிக்கப்பட்டது. படம் இருக்கிறது, கல் இருக்கிறது. அனுமதிக் கடிதம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் தலைவரே வந்து ரிப்பன் வெட்டினால் அதற்கு மேல் என்ன அனுமதி என்று நினைத்திருப்பார்கள். ‘உன் அப்பா செய்த தவறை நீ மறைக்கிறாய்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம், தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இடித்தது ஒரு வைக்கோல் லாரி. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு வைக்கோல் போகும். பிரதான சாலையில் சிறுபாலம் வேலை நடந்ததால் வண்டிகளை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். விடியற்காலை நாலரை மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். வைக்கோல் சுமையை இறுக்கியிருந்த கயிறு, வளைவின் பெயர்ப்பலகைக்காக நீட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தெரியாமல் விசையை அழுத்தியிருக்கிறார். இடது தூண் அடியில் வெடித்து, குறுக்கு உத்தரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. உடைந்த இடத்தில் கம்பி விரல் கனத்துக்குப் பதில் பென்சில் கனம்தான் இருந்தது. துரு தின்றுவிட்டிருந்தது. தூணைத் தொட்டால் செங்கல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

காலையில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினேன். அடுத்து உள்ளாட்சி அலுவலகம். பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார்: “அண்ணாச்சி, எங்க சொத்துப் பதிவேட்டுல இப்படி ஒரு ஆர்ச்சே கிடையாது. இல்லாததுக்கு நான் எப்படி எஸ்டிமேட் போடுவேன்?” சரி, எங்களுடையது என்றால் நாங்களே புதிதாகக் கட்டிக்கொள்கிறோம் என்றேன். “ரோடு எங்களுது. அதுல அனுமதி இல்லாம கட்டினா ஆக்கிரமிப்பு” என்றார். செலவு என்று வரும்போது வளைவு எங்களுடையது, கட்டுகிறோம் என்றால் நிலம் அவர்களுடையது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் நாலு மாதம் நடந்தேன்.

லாரி உரிமையாளர் நல்ல மனிதர்; மூன்றாம் நாள் நேரில் வந்தார். ஆனால் அவரிடமும் ஒரு கேள்வி இருந்தது. “அண்ணாச்சி, வருசா வருசம் இந்த லோடுதான் ஏத்துதேன். ரோட்டை ஒசத்தினது நானா?” எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்று மாலையே நாடாவை எடுத்துப் போய், நின்றிருந்த வலது தூணின் பக்கம் உத்தரத்தின் அடியிலிருந்து தார்ச்சாலை வரை அளந்தேன். 14 அடி 2 அங்குலம். அப்பா விட்ட பதினாறடியில் 22 அங்குலத்தைச் சாலை விழுங்கியிருந்தது. 2003, 2011, 2019 என்று மூன்று முறை எங்கள் தெருவுக்குச் சாலை போட்டார்கள்; மூன்று முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே அறிவுறுத்தியிருக்கிறார். எங்கள் தெருவுக்கு அது இரண்டாண்டு பிந்திவிட்டது. என் வீட்டு வாசலுக்கு ஏற மூன்று படி இருந்தது, இப்போது ஒரு படி இறங்க வேண்டும். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி மழையில் தண்ணீர் அடுக்களை வரை வந்து, அரிசிப் பானை மிதந்தது. சப்பரமும் 2019-க்குப் பிறகு கலசத்தைக் கழற்றிவிட்டுத்தான் வளைவுக்குள் நுழைந்தது. அதைக் கண்ணால் பார்த்தும், சாலை ஏறிவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

லாரிக்காரர் பக்கம் நியாயம் இருந்தது. முழு நியாயம் இல்லை. சரக்கு வாகனத்தின் உயரம் நாலு மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 2020-இல் திருத்தப்பட்ட விதி. அதற்கு முன் 3.8 மீட்டர்தான். 14 அடி 2 அங்குலம் என்பது 4.32 மீட்டர். அதில் மாட்டியது என்றாலே சுமை வரம்பைத் தாண்டியது என்றுதான் பொருள். அனுமதித்த உயரத்தைச் சுமை மீறினால் 20,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019-இல் சேர்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அவர் வாதத்தை நிறுத்திவிட்டு, காப்பீட்டு நகலை எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் சங்கத்தில் பலருக்குத் தெரியாதிருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. லாரி, கார் போன்ற வாகனங்களின் மூன்றாம் நபர் காப்பீட்டில், பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய் வரை ஈடு உண்டு. நம் வளைவுகளின் விலைக்கு அது தாராளம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டியவர் அந்தச் சொத்தின் உரிமையாளர். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பும் 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன என்றாலும், அந்த வழக்குகளை நம்பி நீங்கள் தாமதிக்காதீர்கள். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் அங்கேயும் முதல் கேள்வி ‘நீ யார்?’ என்பதுதான். உள்ளாட்சியும் சங்கமும் ‘என்னுடையதில்லை’ என்று தள்ளிவிட்ட ஒரு பொருளுக்காகப் பணம் கொடுக்க ஒருவர் தயாராக இருந்தார். வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலாயின. ஜூன் முதல் வாரம் வரை மன்றத்தில் தீர்மானம் எதுவும் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரத்தில், தூணிலிருந்து பெயர்ந்து சாக்கடையோரம் மல்லாந்து கிடந்த கல்வெட்டின் மேல் யாரோ வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய தலைவரின் பெயர் வாக்காளர் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். உடைந்த வளைவைத் தங்கள் பதிவேட்டில் இல்லை என்றவர்களுக்கு, அதன் கல்வெட்டு மட்டும் எப்படிக் கண்ணில் பட்டதோ! காகிதத்தை ஒட்டியவர்கள் வேறு அலுவலகத்தார், அது தேர்தல் விதி, அதில் குற்றமில்லை என்று சொல்வீர்கள். இருக்கட்டும்; எனக்கு அன்று வயிறு எரிந்தது.

வழி காட்டியது ஓய்வு பெற்ற சார்பதிவாளர் ஒருவர், என் அத்தான் முறை. “மாப்பிள, மனைப்பிரிவுக்கு ரோட்டைத் தானமா எழுதிக் கொடுத்திருப்பாங்கள்லா, அந்தப் பத்திரத்தைப் பாரு” என்றார். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவென்றால் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிந்து ஒப்படைத்திருப்பார்கள். சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று போட்டதில் 1993-ஆம் ஆண்டுப் பத்திரம் வந்தது. சாலையின் அகலம் முப்பது அடி என்றிருந்தது. அளந்து பார்த்தால் இரண்டு தூண்களும் அந்த முப்பதுக்குள் நிற்கின்றன. ஆகவே நிலம் ஐயமின்றி உள்ளாட்சியுடையது. அதன் மேல் நின்ற வளைவு எங்கள் காசில் கட்டியது. சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் வளைவை ‘ஒப்படைத்ததாக’ ஒரு வரி கூட இல்லை. தன் சொத்தை விற்று நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பாலம் கட்டிய சுலோசன முதலியாரின் பெயர் 1843 முதல் நிற்கிறது. பாலத்தைப் பராமரிப்பது அவர் பேரன்மாரா அரசா என்று யாரும் கேட்டதில்லை, ஏனெனில் அது கொடுத்து முடிந்த கொடை. எங்கள் கொடை பாதியில் நின்றுவிட்டது.

பத்திர நகல், ரசீதுகள், திறப்பு விழாப் படம், உயர அளவு எல்லாவற்றையும் இணைத்து, ‘வளைவைக் கட்டித் தாருங்கள்’ என்று கேட்காமல், ‘வளைவு யாருடையது என்று மன்றம் தீர்மானிக்க வேண்டும்’ என்று மட்டும் மனுக் கொடுத்தேன். கேள்வியை மாற்றியதும் பதில் வந்தது. ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேறியது: நிலம் மன்றத்துடையது, கட்டுமானம் சங்கத்துடையது, இழப்பீட்டைச் சங்கம் கோருவதில் மன்றத்துக்கு ஆட்சேபம் இல்லை, இடிபாட்டை மன்றம் தன் செலவில் அகற்றும், அனுமதி இல்லாமல் மறுபடி கட்டக் கூடாது. சாலை உயர்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் கவுன்சிலர், அதைச் சேர்த்தால் தீர்மானமே வராது என்று சொன்னதால் நானும் வற்புறுத்தவில்லை. அது சரியா என்று இன்னும் எனக்கு உறுதியில்லை.

ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில் மனுவைப் போட்டோம். அதற்குள் சங்கத்தின் பதிவு புதுப்பிக்காமல் கிடந்தது தெரியவந்து, நாலாண்டுக் கணக்குகளைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்தது தனிக் கதை. மதிப்பீட்டாளர் வந்து துருப்பிடித்த கம்பியைப் படம் எடுத்து, 28 ஆண்டுத் தேய்மானத்தைக் கழித்தார். டிசம்பர் மக்கள் நீதிமன்றத்தில் 85,000 ரூபாய்க்குச் சமரசமாயிற்று. எங்கள் எஸ்டிமேட் 2,40,000. ‘பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்துவிட்டான்’ என்று சங்கத்திலேயே சிலர் பேசினார்கள். 1996-இல் வசூலித்ததில் மிச்சம் எங்கே என்று கேட்டவரும் உண்டு. அடிக்கட்டைகளைக் கூட்டத்தில் மேசை மேல் வைத்தேன். ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

உங்களுக்கு வருகிறேன். முதலில், இடிபாடு கிடக்கும்போதே நின்றிருக்கும் தூணிலிருந்து சாலை வரை உயரத்தை அளந்து, நாடா தெரியும்படி படம் எடுங்கள். சாலை போட்ட ஆண்டுகளையும் எஸ்டிமேட் நகல்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்து பிறகு வரன்முறை செய்யப்பட்டிருந்தால், சாலை இன்னும் மனை விற்றவர் பெயரிலேயே இருக்கவும் கூடும். அப்போது மாநகராட்சி சொல்வதில் நியாயம் இருக்கலாம். தொங்கும் பகுதியைக் காசு மிச்சம் பிடிக்க நீங்களே ஆள் வைத்து இடிக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் மதுரை மாட்டுத்தாவணியில் நக்கீரர் தோரண வாயிலை இடிக்கையில் தூண் சரிந்து, இயந்திரத்தை இயக்கியவரே உயிரிழந்தார். ‘ஆபத்தான நிலையில் இருக்கிறது’ என்று ஆணையருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்கள் சொல்ல முடியாது.

எங்கள் 85,000 ரூபாய் சங்கக் கணக்கில் அப்படியே இருக்கிறது. புது வளைவு வேண்டும் என்று ஒரு சாரார். ஓரமாக ஒரு பெயர்ப்பலகை போதும் என்று நான். கல்வெட்டு என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. காகிதம் பாதி கிழிந்துவிட்டது. போன கொடைக்குச் சப்பரம் கலசத்தோடு வீதி வந்தது.